அங்காடிப் பெருக்கமும் கழிவிரக்கமும்

முற்காலத்தில் கடையில் இருந்த பொருள் சில, ஆதலின் வாங்குவோர்க்கு இருந்த கவலையும் சில என்றும், இக்காலத்தில் பொருள் பெருகப் பெருக மன அமைதி சுருங்கிவிட்டது என்றும் கூறுவது இன்று வீட்டுப் பேச்சிலும் மேடைப் பேச்சிலும் இதழ்க் கட்டுரைகளிலும் பெருவழக்காயிற்று. பற்பசை ஒன்று வாங்குவான் வேண்டிப் பேரங்காடியுள் நுழைந்தவர், உப்புக் கலந்தது, கரி கலந்தது, கிராம்பு கலந்தது, வெண்மை தருவது, கூச்சம் தீர்ப்பது எனத் தட்டு நிறைய அடுக்கப்பட்டவற்றின் முன் நின்று, எடுத்ததை வைத்தும் வைத்ததை எடுத்தும் மயங்குகின்றார். வீட்டிலிருந்தவாறே கைப்பேசி வழியாக வாங்குவோர் நிலையும் அதுவே. அவர்க்கு அத்தட்டு முடிவதேயில்லை. ஒரு பற்பொடியும் ஒரு சோப்பும் போதும் என்றிருந்த நாளை அவர் நினைந்து ஏங்குவது இயல்பேயாகும்.

அவ்வேக்கத்தைப் பொய் என்று தள்ளுதலும் தகாது. சொல்லப்படும் வடிவிலேயே மெய் என்று கொள்ளுதலும் தகாது. ஏங்கப்படுவது யாது என்பதே முதற்கண் ஆராயற்பாலது. கழிந்துபோன இளமையா? பொருளின் சுருக்கமா? விற்போனிடத்து வைத்திருந்த நம்பிக்கையா? இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே ஏக்கமாகத் தோன்றுகின்றன. தமிழ் நூல்களில் அங்காடியைப் பற்றியும் கழிந்ததற்கு இரங்குதலைப் பற்றியும் வரும் செய்திகளைத் துணைக்கொண்டு இப்பிணைப்பை அவிழ்த்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேனாட்டார் இவ்வேக்கத்திற்கு வழங்கும் நாஸ்டால்ஜியா என்னும் சொல் பழமையானது போலத் தோன்றினும் பழஞ்சொல் அன்று. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் 1688-ஆம் ஆண்டு யோகான்னசு ஓபர் என்பார் தம் மருத்துவ ஆய்வுரைக்கென ஆக்கிக்கொண்டது அது. வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு நோவைக் குறிக்கும் மற்றொரு சொல்லைச் சேர்த்து, தாய்நாட்டை விட்டுப் பிரிந்தார்க்கு உண்டாகும் நோய்க்கு அவர் அப்பெயரிட்டார். ஆகவே அச்சொல் முதலில் இடத்தைப் பற்றியது. காலத்தைப் பற்றிய ஏக்கத்தைக் குறிக்க வந்தது பிற்காலத்தில்தான். தமிழில் நிலை வேறு. இரங்கல் நெய்தற்குரிய உரிப்பொருளாக இலக்கணத்திலேயே இடம் பெற்றுவிட்டது. கழிந்ததற்கு இரங்குதலைக் கழிவிரக்கம் என்னும் தொகைச்சொல் தெளிவாகவே உணர்த்துகின்றது. இக்காலச் செய்தித்தாள்கள் சில இச்சொல்லைத் தன்மேல் தானே கொள்ளும் இரக்கம் என்ற பொருளில் ஆளுகின்றன. சொல்லின் அமைப்பு அதற்கு இடந்தரவில்லை. தன்னிரக்கம் என்னும் சொல் அதற்கென இருக்கவும் இதனை ஏன் திரிக்க வேண்டும் என்பது விளங்கவில்லை.

கழிந்ததற்கு இரங்கும் பாடல்களுள் தலைசிறந்தவை புறநானூற்றின் 112-ஆம் பாட்டும் 243-ஆம் பாட்டும் ஆகும். முன்னது பாரி மகளிர் பாடியது. ஒரு முழுநிலவு நாளுக்கும் மற்றொன்றுக்கும் இடையே தந்தையையும் குன்றையும் ஒருங்கே இழந்த அவலம் அது. பின்னது, தன் பாட்டில் வந்த ஊன்றுகோலின் அடைமொழியாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர் பெற்ற புலவர் பாடியது. மணலாற் செய்த பாவைக்குப் பூச் சூட்டியதும், பெண்களோடு கைகோத்து நீராடியதும், கரையோரத்து மருத மரத்தின் கிளையேறி ஆழ்ந்த மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டியதும் ஆகிய இளமை நிகழ்ச்சிகளை, இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதுமையில் அவர் நினைந்து இரங்குகின்றார். அப்பாட்டில் வரும் பொருள்கள் மணலும் பூவும் நீரும் மரக்கிளையுமே. விலைக்கு வாங்கியது ஒன்றுமில்லை. எளிமைக் காலத்திற்கு ஏங்குவோர் இதனைத் தமக்குச் சான்றாகக் காட்ட விரும்பலாம். ஆயின் ஒன்று நோக்கத்தக்கது. அம்முதியவர் உலகம் மாறிற்று என்று குறைகூறவில்லை. மடுவும் மருதமும் இன்று இல்லை எனவும் கூறவில்லை. அங்கே மாறியவர் அவரே. இளையோர் இன்றும் அம்மடுவில் குதித்துக்கொண்டிருத்தல் கூடும். தம் முதுமையைக் காலத்தின் மேல் ஏற்றிப் பழிக்காத அந்நேர்மை அப்பாட்டின் பெருமைகளுள் ஒன்று.

இவ்விரு பாட்டுகளையும் பழைய குறிப்புகள் பொதுவியல் திணையிற் சேர்த்துக் கையறுநிலைத் துறையாக வகுத்துள்ளன. இறந்துபட்டார் பொருட்டு எஞ்சினோர் செயலற்று இரங்குவது கையறுநிலை. பாரி மகளிர் பாட்டு அத்துறைக்கு உரியதாதல் வெளிப்படை. முதியவர் பாட்டிலோ இறந்தார் ஒருவருமிலர். ஆயினும் துறை வகுத்தோர் இளமையை இறந்தார் வரிசையில் வைத்தனர். மீளாதது எதுவோ அதன் பொருட்டே கையறவு நிகழும் என்பது அவர் கருத்தாதல் வேண்டும். இன்று பழங்கடையை நினைந்து ஏங்குவோர் பலருடைய ஏக்கத்திலும் பெரும்பகுதி இவ்வகையினது. அவர் உண்மையில் இழந்தது கடையை அன்று. கடைக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற தாயையோ தந்தையையோ, அன்றித் தம் பத்து வயதையோ ஆகும். இப்பகுதியைத் தனியே பிரித்து வைத்துவிட்டால் எஞ்சுவது பொருட்பெருக்கம் பற்றிய குறை.

பழந்தமிழர் அங்காடி பொருள் சுருங்கியதாக இருந்ததா என்று வினவின், நூல்கள் தரும் விடை இல்லை என்பதே. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடிகளையுடைய பட்டினப்பாலையில், கடல்வழி வந்த குதிரையும், வண்டிவழி வந்த மிளகும், வடமலைப் பொன்னும் மணியும், மேற்குமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்தும், கீழ்க்கடல் பவளமும், கங்கைநாட்டு விளைவும் காவிரிநாட்டு விளைவும், ஈழத்து உணவும், கடாரத்து ஆக்கமும் புகார்த் தெருக்களில் நிலம் நெளியுமாறு செறிந்து கிடந்தன எனக் காண்கின்றோம். 782 அடிகளால் பத்துப்பாட்டுள் மிக நீண்டதாகிய மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் வேறுவேறாகக் காட்டுகின்றது. பகலில் முடியாத வாணிகம் இரவிலும் தொடர்ந்தது. புலவர்க்கு இப்பெருக்கம் வியப்பும் பெருமிதமும் தருவதேயன்றிச் சோர்வு தருவது அன்று. இவை அரசனைப் புகழும் பாட்டுகள் ஆகலின் மிகைப்படக் கூறல் உண்டு என்பதை மறத்தலாகாது. புலவர் பட்டியலைச் சுங்கச்சாவடிக் கணக்குப்போல எடுத்துக்கொள்வார் இடர்ப்படுவர். ஆயினும் எதனைக் கூறினால் புகழாகும் என்று அவர் கருதினரோ அது நமக்குச் சான்றாகும். பலவகைப் பண்டம் இருத்தலே நகரின் சிறப்பு என்று அவர் கருதினர்.

இக்கருத்து பிற்காலத்தும் தொடர்ந்தது என்பதற்கு ஒரு சொல்லே போதும். எளிமையின் இருப்பிடமாக இன்று நினைந்து போற்றப்படும் சிறு கடைக்கு நம்மவர் இட்டு வழங்கிய பெயர் பலசரக்குக் கடை. சிலசரக்குக் கடை என்று ஒருவரும் பெயரிட்டாரில்லை.

இனி, வேண்டுவன சிலவே என்னும் கொள்கை பழந்தமிழில் இல்லையோ எனின், உண்டு. உலகாளும் வேந்தனுக்கும் இரவும் பகலும் துயிலாது விலங்கின்பின் திரியும் வேடனுக்கும் உணவின் அளவும் உடையின் அளவும் ஒன்றே என்று நக்கீரர் புறநானூற்று 189-ஆம் பாட்டில் காட்டுகின்றார். ஆயின் அவர் அதனைப் பண்டைக் காலத்தின் வழக்கம் என்று கூறவில்லை. தம் காலத்துச் செல்வரை நோக்கி, செல்வத்தின் பயன் ஈதல் என்பதை நிறுவுதற்கு அதனை ஏதுவாக்குகின்றார். அவர் மதுரையைச் சார்ந்தவர். மதுரைக்காஞ்சி பாடும் அங்காடிகள் இருந்த நகர் அது. பண்டப் பெருக்கத்தின் நடுவே இருந்துகொண்டு கூறிய அளவு அறம் அது. பழமையை நோக்கிய ஏக்கம் அன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, நம் முன்னோர் எளிமையாக வாழ்ந்தனர் என்பதற்கு அப்பாட்டை எடுத்துக்காட்டும் பழக்கம் நம் சொற்பொழிவாளரிடையே உண்டு. அது பாட்டிற்குச் செய்யும் நலம் ஆகாது.

அவ்வாறாயின் பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் இடர்ப்பாட்டைப் பண்டையோர் உணரவே இல்லையா? இவ்வினாவிற்குச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் வியக்கத்தக்க விடை இருக்கின்றது. கோவலன் மதுரையின் உள்ளே சென்று தெருத்தெருவாகக் காண்கின்றான். முதலில் மணிகளின் தெரு. அங்கே மணிகளின் நிறமும் ஒளியும் மட்டும் கூறப்படவில்லை. வயிரத்திற்குரிய நான்கு குற்றங்கள் பெயரோடு கூறப்பட்டு, அவை நீங்கியன இவை எனக் காட்டப்படுகின்றன. முத்திற்குக் காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் உண்டாகும் குற்றங்கள் தனியே கூறப்படுகின்றன. அடுத்துப் பொன்னின் தெரு. பொன் நால்வகைப்படும் எனப் பெயர்கள் கூறி, வகையறிய வல்லார் கொடி எடுத்து நிறுத்தியுள்ளனர் என்கின்றார் இளங்கோவடிகள். கொடி எதன் பொருட்டு? கலக்கமாகிய துன்பத்தை ஒழித்தற்பொருட்டு என்று அவரே காரணமும் கூறுகின்றார். துன்பத்திற்கு அவர் ஆண்ட சொல் அஞர். எப்பொன் எவ்விடத்தது என அறியாது வாங்க வருவோர் மயங்கி வருந்தும் வருத்தமே ஈண்டு அஞர் எனக் கோடல் பொருந்தும். பலவற்றுள் ஒன்றைக் கொள்ள வந்தவன் படும் துன்பத்தை ஒரு சொல்லால் குறித்து, அதற்கு மாற்றும் உடன் கூறிய இடம் நம் பழைய இலக்கியத்தில் இதுபோல் தெளிவாகப் பிறிதொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

இதற்கு அடுத்து வருவது அறுவை வீதி. பருத்தி நூலாலும் மயிராலும் பட்டினாலும் ஆகிய துணிகள், இன்ன பகுதி இன்ன வகை என்று தெரியாதவாறு நூற்றுக்கணக்கான அடுக்குகளாகச் செறிந்திருந்தன. பொன்வீதியில் தெரிந்தோர் இருந்தனர். அறுவை வீதியில் தெரியாத அடுக்கு இருந்தது. தெரி என்னும் ஒரே வினையடி சில அடிகளின் இடையீட்டில் இருமுறை வந்து, ஓரிடத்துத் தெளிவையும் மற்றோரிடத்து மயக்கத்தையும் சுட்டுகின்றது. அடிகள் இதனைக் கருதியே அமைத்தாரா என்பதை வற்புறுத்த வேண்டுவதில்லை. துணிக்கடையில் மலைத்து நிற்றலில் இன்பமும் உண்டு. பொன் வாங்குமிடத்து மலைத்து நிற்றல் இழப்பில் முடியும். கொடி எங்கே வேண்டும், எங்கே வேண்டா என்பதை அந்நகரத்தார் அறிந்திருந்தனர் போலும். கூல வீதியிலும் நிறுக்கும் கோலும் அளக்கும் அம்பணமும் உடையோர் எங்கும் திரிந்தனர் என வருதல் காண்க. கூலம் அளவால் ஐயுறப்படும். பொன் வகையால் ஐயுறப்படும். ஐயம் எதுவோ அதற்கேற்ற துணை அங்கே இருந்தது.

தெரிதல் என்னும் சொல்லே இங்கு ஒரு கருத்தை நமக்கு அளிக்கின்றது. கண்ணுக்குப் புலனாதல், அறிதல், ஆராய்தல், தேர்ந்தெடுத்தல் ஆகிய அனைத்தும் அவ்வொரு சொல்லுள் அடங்கும். அறிந்த பின்னரே எடுத்தல் நிகழும் என்பது சொல்லிலேயே பொதிந்து கிடக்கின்றது. ஈழத்தமிழர் தேர்ந்தெடுத்தலைத் தெரிவு என்றே இன்றும் வழங்குவர். தமிழகத்தில் அப்பொருளில் தேர்வு என்னும் சொல் மேலோங்கிவிட்டது. ஆய்தல் என்பதும் இத்தகையதே. நாம் செய்யும் ஆய்வுக்கும் அடுக்களையில் கீரை ஆய்தற்கும் சொல் ஒன்றே; கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுதல் இரண்டிற்கும் பொது. திருவள்ளுவர் தெரிந்து என்னும் சொல்லைத் தலைப்பிற் கொண்டு மூன்று அதிகாரங்கள் வகுத்தார். அவை 47, 51, 52 ஆம் அதிகாரங்கள். அவற்றுள் பின்னைய இரண்டும் ஆளைத் தெரிதல் பற்றியன. பொருளைத் தெரிதற்கு அவர் தனி அதிகாரம் வகுத்தாரல்லர். நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலே வாணிகர்க்கு வாணிகம் என்ற கருத்தை வைத்தார். பட்டினப்பாலையும் பண்டங்களை அடுக்கிக் கூறிய சில அடிகளுக்குப் பின், நுகத்தடியின் நடுவாணிபோல் ஒருபால் கோடாத நெஞ்சுடைய வணிகரைப் புகழ்கின்றது. விற்போனைத் தெரிந்துகொண்டால் பொருளைத் தெரியும் சுமையிற் பெரும்பகுதி குறைந்துவிடும் என்பதே இவற்றின் உட்கிடை என உய்த்துணரலாம். மூன்றாவதாக நாம் கூறிய நம்பிக்கை என்பது இங்கே தோன்றுகின்றது.

ஆனால் இதனைப் பொற்காலம் என்று போற்றி அமையச் சிலப்பதிகாரம் நம்மை விடுவதில்லை. கொடி கட்டிய பொன்வீதியைக் கண்டு மகிழ்ந்து திரும்பிய அதே கோவலன், சிலம்பு விற்கச் சென்ற வழியில், தன்பின் நூற்றுவர் கொல்லர் வர முன்னே வந்த அரண்மனைப் பொற்கொல்லனை வல்லவன் என்று கருதி, அரசிக்கு ஏற்ற காலணி ஒன்றற்கு விலையிட இயலுமோ என வினவினான். வினவப்பட்டவன் தெரிந்தவனே, அவன் அறிவில் குறையில்லை. அறிவோடு களவும் அவனிடம் இருந்தது. மதுரையில் கோவலனை அறிந்தார் இலர். அவனுக்காகச் சான்று கூற வணிகர் ஒருவரும் இல்லை. தெரிந்தோரை நம்பி வாங்கலும் விற்றலும் நிகழும் அங்காடியில் அயலான் நிலை எத்தகையது என்பதற்கு இதனினும் கடிய சான்று வேண்டுவதில்லை. அறிமுகத்தின் மேல் நிற்கும் வாணிகம் அறிமுகமானவர்க்கே அரண்.

இக்கால அறிஞர் இப்பொருளை வேறு நெறியில் ஆராய்ந்துள்ளனர். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகிய இருவரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்தது. கலிபோர்னியாவில் ஒரு கடையில் பழப்பாகு வகைகளைச் சுவைத்துப் பார்க்க வைத்தனர். 24 வகை வைத்தபோது வந்தவருள் நூற்றுக்கு 60 பேர் நின்று பார்த்தனர். 6 வகை வைத்தபோது 40 பேரே நின்றனர். ஆயின் நின்றவருள் வாங்கினோர் தொகை முன்னதில் நூற்றுக்கு 3, பின்னதில் 30. இதனைக் கொண்டு பெருக்கமே துன்பம் என்று முடிவு கட்டியோர் பலர். 2010-இல் இத்தகைய 50 சோதனைகளை ஒருங்கு வைத்து ஆராய்ந்தபோது, பெருக்கத்தால் விளையும் கேடு சராசரியில் ஏறக்குறைய இல்லை என்றாயிற்று; சிலவற்றில் கேடு, சிலவற்றில் நன்மை. 2015-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, எவ்விடத்துக் கேடு விளையும் என்பதை வகுத்துக் காட்டியது. பொருள்கள் ஒன்றோடொன்று ஒப்பிடற்கு அரியனவாக இருத்தல், முடிவு செய்யும் பணி கடினமாதல், தனக்கு வேண்டுவது யாது என்பதை வாங்குவோன் அறியாதிருத்தல், எந்நோக்கத்தோடு அவன் அவற்றைப் பார்க்கின்றான் என்பது ஆகியனவே காரணங்கள். எண்ணிக்கை தானே நோய் அன்று, தெரியாமையே நோய். பொன்வீதியில் கொடி எடுத்தோர் அறிந்து செய்ததும் இதுவே என்பதை மீண்டும் கூறவேண்டுவதில்லை. பொன்னுக்கு அக்கொடி இன்று வேறு வடிவில் உளது. இந்திய அரசு 2021-ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் பொன்னணிகளுக்குத் தரமுத்திரையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கிற்று. 22 காரட்டுப் பொன்னில் 916 என்னும் எண் பொறிக்கப்படுகின்றது. தெருவில் நின்ற கொடி பொருளின்மேலேயே ஏறிவிட்டது எனலாம். ஆனால் பற்பசைக்கும் எண்ணெய்க்கும் இன்று கட்டப்படும் கொடிகளிற் பல விற்போனே தன் புகழ் பாடக் கட்டியவை. கலக்கம் நீக்க வேண்டிய கொடி கலக்கம் பெருக்குகின்றது.

இனி, நம் நினைவிற்கு எட்டிய காலத்துக் கடைக்கு வருவோம். 1950-களிலும் 1960-களிலும் ஒரு சிற்றூர்ப் பலசரக்குக் கடையில் பொருள் எடுப்போர் கடைக்காரரே. வாங்குவோர் வெளியே நின்று பெயர் சொல்வர். பருப்பில் எது புதியது, எந்த மூட்டையைப் பிரித்து நான்கு நாளாயிற்று என்பதை அறிந்தவர் அவர். எடையிட்டுத் தாளில் மடித்து நூல் சுற்றிப் பொட்டலம் கட்டித் தருவார். பையன் கையில் கொசுறாக ஒரு துண்டு வெல்லமோ பொரிகடலையோ வைப்பார். கையிற் பணமில்லை எனின் பற்றெழுதிக்கொள்வார். கொசுறு என்னும் சொல் ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. அளந்து விலையிட்ட வாணிகம் முடிந்த பின் அளவைக்கு அடங்காமல் தரப்படுவது அது. பேரங்காடியார் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று விளம்பரம் செய்வது கொசுறு ஆகாது. அதன் விலை முன்னரே கணக்கில் ஏறிவிட்டது. தெரியும் பணியைக் கடைக்காரரிடம் ஒப்படைத்திருந்தமையால் வாங்குவோர்க்கு அஞர் இல்லை. ஏங்குவோர் ஏக்கத்தில் மெய்யான பகுதி இதுவே என்பது எம் துணிபு. அவர் விரும்புவது பொருட் சுருக்கத்தை அன்று. தமக்காகத் தெரிந்து கொடுப்பார் ஒருவரை.

பொருட் சுருக்கத்தை ஒருவரும் விரும்பியிலர் என்பதற்கு அக்கால வரலாறே சான்று. அரிசிக்குப் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்ற காலம் அது. சென்னை மாநிலத்தில் 1952-ஆம் ஆண்டு உணவுக் கட்டுப்பாட்டை இராசாசி நீக்கியபோது மக்கள் மகிழ்ந்தனர். 1960-களின் இடைப்பகுதியில் அரிசித் தட்டுப்பாடு மீண்டும் நேர்ந்து, 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்பது ஆட்சியை மாற்றும் உறுதிமொழிகளுள் ஒன்றாயிற்று. கலப்படத்தைத் தடுக்க 1954-இல் நடுவண் அரசு சட்டம் இயற்ற நேர்ந்தமை, கடைக்காரர் அனைவரும் பட்டினப்பாலை வணிகர் அல்லர் என்பதைக் காட்டும். 1991-ஆம் ஆண்டுப் பொருளியல் மாற்றத்திற்கு முன் ஊர்தி ஒன்றற்கோ தொலைபேசி ஒன்றற்கோ பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர், ஒரே வகை இருந்தது என்பதற்காக மன அமைதியோடு இருந்தனர் என்று சொல்வது நகைப்பிற்கிடமானது.

இவற்றினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. ஏக்கக் கட்டுரைகள் பெரும்பாலும் இதனைத் தொடுவதில்லை. கடைக்காரர் அனைவரையும் அறிந்திருந்தார் என்று நாம் போற்றுகின்றோம். அவர் ஒவ்வொருவர் குடும்பத்தையும் அறிந்திருந்தார் எனின், ஒவ்வொருவர் சாதியையும் அறிந்திருந்தார். அவ்வறிவு எல்லார்க்கும் வெல்லத்துண்டாக வரவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு, குடிமகன் எவனையும் சாதி முதலியன காரணமாகக் கடைக்குள் செல்லத் தடுத்தலாகாது எனக் கடை என்பதைப் பெயர் சுட்டியே கூறவேண்டியிருந்தது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், கடைக்குள் விட மறுத்தலையும் பிறர்க்கு விற்கும் முறையில் பொருள் விற்க மறுத்தலையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கிற்று. இல்லாத கொடுமைக்குச் சட்டம் பிறப்பதில்லை. தொலைவில் நின்று, காசைத் தரையில் வைத்துவிட்டு விலகி, எறியப்பட்டதை ஏந்திக்கொண்டவர் அக்கடையை நினைந்து ஏங்குவாரா என்பது கேட்கத்தக்கது. பெயரும் ஊரும் கேளாத பேரங்காடியில், எல்லாரும் எடுக்கும் தட்டிலிருந்து தாமும் தம் கையாலேயே எடுத்து, அணியில் தம் முறை வந்தபோது பணம் செலுத்தித் திரும்புதல் அவர்க்கு வெறும் வசதி அன்று. பற்பசை முன் நின்று மயங்கும் மயக்கமும் அவர்க்கு ஒரு வகையில் வந்துசேர்ந்த உரிமையே. இதனால் பேரங்காடியைப் போற்றுவது எம் கருத்தன்று. அதன் கூலியாட்கள் நாள் முழுதும் நின்றே பணிசெய்யும் நிலையைக் கண்டார் அவ்வாறு போற்றமாட்டார். ஒரே கடை ஒருவர் நினைவில் இனிப்பாகவும் மற்றொருவர் நினைவில் கசப்பாகவும் இருத்தற்குக் காரணம், இருவரும் அதன் முன் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதே. கோவலன் நிலையும் அதுவன்றோ? அயலானாய் வந்தவனை அறிமுக வாணிகம் கொன்றது. தன்னூரிலேயே அயலானாக்கப்பட்டவனை அது நாள்தோறும் இழிவு செய்தது.

எனவே கழிவிரக்க இலக்கியத்தை ஆராய்வார், பாடியவர் அல்லது எழுதியவர் எங்கே நின்று நினைக்கின்றார் என்பதனைத் துறை வகுத்தலில் ஒரு கூறாகக் கொள்ளல் நலம். தன்வரலாறுகளிலும் வட்டார நாவல்களிலும் கடை வரும் இடங்களை இந்நோக்கில் தொகுத்தால் ஒரு நல்ல ஆய்வேடு அமையும். சொற்றொகுப்பும் உடனிகழ வேண்டும். 1956-ஆம் ஆண்டு எடையளவைச் சட்டத்திற்குப் பின் மெட்ரிக் முறை பரவ, படி, உழக்கு, ஆழாக்கு, வீசை, பலம் என்பன சந்தைப் பேச்சிலிருந்து மெல்ல விலகின. கொசுறும் பொட்டலமும் பற்றெழுதுதலும் அவற்றின் பின்னே சென்றுகொண்டிருக்கின்றன. இவற்றை விருப்பத்தோடு சொல்வோர் ஊர்தோறும் உளர். கடைக்கு வெளியே தொலைவில் நிறுத்தப்பட்டோர் பொருள் கேட்டற்கு வழங்கிய சொற்களும், கடைக்குள் இருந்தோர் அவரை விளிக்க வழங்கிய முன்னிலைச் சொற்களும் வேறு. அவற்றைக் கேட்டும் சொல்லியும் வாழ்ந்தவர்கள் இன்று எண்பது அகவையை நெருங்கியோ கடந்தோ இருத்தலின், முதுகலை மாணவர் தம் களப்பணியை அவர்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.